குகைக்குப் போன மாப்பிள்ளை

தாம்பரத்தைச் சுற்றி உள்ள குகைகள் அத்தனையும் ஒரே மனிதருக்கு மாமனார் வீடு. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்கும் நினைவில்லை. சேலையூரில் வந்து மாப்பிள்ளை சார் என்று கேட்டால் பால் பாக்கெட் போடுகிறவர்கூட பி பிளாக்கைக் கை காட்டுவார். அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஏனென்றால், குகை யோசனை என்னுடையது. இதை நீங்களாவது மறக்கக் கூடாது. அத்தையின் வேண்டுதலுக்காகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிருந்தோம். அங்கே மலையைக் குடைந்துதான் கருவறை. பெருமாளை வலம் வர வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். நல்ல வெயில், வெறுங்கால். பாதிச் சுற்றில் பொட்டில் அடித்த மாதிரி நின்றுவிட்டேன். இத்தனை காலமும் மலைகளை வெளியே நின்றுதானே பார்த்திருக்கிறோம், உள்ளே என்னென்ன கிடக்குமோ? "நடடி, கால் கொப்பளிக்குது" என்று அத்தை முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மீதிப் பாதியைச் சுற்றி முடிப்பதற்குள் வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயரே வைத்துவிட்டேன். விடுமுறை நாட்களில் குகை பார்ப்பது, குடியிருப்பில் விருப்பமுள்ளவர்கள் சேரலாம், தலைவி நான்.

முதல் பயணம் செங்கல்பட்டு பக்கம் வல்லத்துக் குகைக் கோயில்கள். நெற்றியில் கட்டும் விளக்கு, முழங்கால் உறை, தூரம் அளக்கும் லேசர் என்று நான் நிலாவுக்குக் கிளம்புகிறவள்போல வாசலில் நின்றேன். மாப்பிள்ளை சார் இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். கையில் மஞ்சள் பை. பையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பாக்கெட் மைசூர்பாகு, இரண்டு முழம் மல்லிகை.

"யாரையாவது பார்க்கப் போறீங்களா சார்?"

"குகைக்குத்தாம்மா வரேன். முதமுதலா போறோம், வெறுங்கையோடவா போறது?"

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்கு வெறுங்கையோடு போய்விட்டாராம். அதை அவர் மனைவி இன்றுவரை வாரம் தவறாமல் சொல்லிக் காட்டுவதால், எந்த வாசலிலும் சும்மா போய் நிற்பதில்லை என்று அவருக்கு ஒரு கொள்கை. குகைக்கும் வாசல் உண்டு. அன்றைக்கு வண்டியில் வைத்த மாப்பிள்ளை என்ற பட்டம் வண்டலூர் தாண்டுவதற்குள் நிலைத்துவிட்டது.

வல்லத்தில் பூட்டியிருந்தது. இணையத்தில் தேடிப் பிடித்த எண்ணுக்கு நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கீழே இறங்கிப் போய் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டார். தண்ணீருக்குப் பதில் மோர் வந்தது. மோருக்குப் பின்னால் சாவி வந்தது. சாவியோடு அந்த வீட்டு அம்மா, அவர் தங்கை, தங்கையின் பிள்ளைகள் என்று ஒரு கல்யாணக் கூட்டமே படியேறி வந்து, மல்லிகையை வாங்கிச் சாமிக்குச் சாத்தியது. பல்லவர் காலத்துத் தூண்களைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த உரையைக் கேட்க ஒரு குரங்கு மட்டும் மிச்சம். அதுவும் என் சத்துணவு பிஸ்கட்டைப் பிடுங்கும்வரைதான் கேட்டது.

பல்லாவரம் மலையில் இன்னும் மோசம். அங்கே பழைய குடைவரை இன்று தர்கா. அவர் சர்க்கரைப் பொட்டலத்தோடு போய், தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வாசலில் நின்று வழக்கம்போல "உள்ள வரலாங்களா?" என்று கேட்டார். அங்கிருந்த பெரியவர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தத் தூண் எங்கே மறைந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்தார். ஒரு மாதம் படித்துவிட்டுப் போயிருந்த என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "சாரோட பொண்ணாம்மா நீங்க?"

ஆளே இல்லாத குகையிலும் மாப்பிள்ளை சார் இதைத்தான் செய்வார். செருப்பைக் கழற்றுவார், தலையைக் கோதிக்கொள்வார், உள்ளே வரலாமா என்று கேட்பார், பதில் வருகிற அளவுக்கு நேரம் கொடுப்பார். வௌவால் தவிர எதுவும் பதில் சொன்னதில்லை. எங்கள் கூட்டமும் அவர் பின்னால் பயபக்தியோடு காத்து நிற்கும். கொஞ்ச நாளில் குழுவில் கேள்விகள் எல்லாம் "சார், அடுத்து எங்கே?" என்றே வர ஆரம்பித்தன. அவரோ ஒவ்வொன்றுக்கும் "லீடரம்மாவைக் கேளுங்க" என்று பதில் போடுவார். பட்டம் எனக்கு, படை அவருக்கு. நானாக ஒரு குகையைக் கண்டுபிடித்தால்தான் குழு என் கைக்குத் திரும்பும் என்று முடிவு கட்டினேன்.

கண்டும் பிடித்தேன். செயற்கைக்கோள் படத்தில், வண்டலூருக்கு அந்தப் பக்கம் ஒரு குன்றின் அடிவாரத்தில் கறுப்பாக ஒரு வாய். ஊரைச் சொல்ல மாட்டேன், வெட்கம் இன்னும் போகவில்லை. தனியாகப் போய் வாசலில் நின்றே எட்டிப் பார்த்தேன், உள்ளே ஒரே இருட்டு. பாறையைச் சதுரமாக வெட்டிய வாசல். பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக உளித் தடம். எந்தப் புத்தகத்திலும் இல்லை. சமண முனிவர்களின் இருப்பிடமாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்று மாலையே குழுவில் அறிவித்தேன். வராதவர்கள்கூட வந்தார்கள். எங்கள் அத்தையும் வந்தாள்.

வாசலுக்கு வெளியே வெயிலில் எல்லாரையும் நிறுத்தி, உளித் தடத்தைத் தடவிக் காட்டிக்காட்டிப் பேசினேன். இந்த முறை யாரும் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். அந்தச் சுகத்தில் பேச்சு நீண்டுவிட்டது. முடித்ததும் மாப்பிள்ளை சார் முன்னால் வந்து, செருப்பைக் கழற்றி, தலையைக் கோதி, "உள்ள வரலாங்களா?" என்றார்.

"வா வா. தலைய குனிஞ்சிக்கினு வா, இடிக்கும்" என்றது குகை.

அத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

உள்ளே ஓர் ஆள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். சுவரில் தினக் காலண்டர். கட்டிலைச் சுற்றி ஆடுகள். முனிவர்களைப் பற்றி யாரோ தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்.

"முனிவரா? இது மருந்து ரூமுபா. குவாரி ஓடிக்கினு இருந்தப்ப வெடி மருந்து வெச்சிருந்தாங்க. அந்தக் கோடா? அது டிரில்லு போட்டது. நான்தான் பாதி போட்டேன். இப்ப ஆடுங்க வெயிலுக்கு ஒதுங்குது, நானும் ஒதுங்குறேன்."

பிறகு எழுந்த சிரிப்பில் ஆடுகள் வெளியே ஓடின. நான் அவற்றோடு போயிருப்பேன். மாப்பிள்ளை சார் மட்டும் சிரிக்கவில்லை. பழத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவர், குவாரி எப்போது மூடினார்கள், ஆட்டுக்குத் தண்ணீர் எங்கே என்று வெகுநேரம் விசாரித்தார். வெளியே வந்து என் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தார்.

"லீடரம்மா, நானும் எத்தனையோ வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டேன். ஒரு குகையும் வான்னு சொன்னதில்ல. ஆள் குடியிருக்கிற குகைய நீங்கதான் காமிச்சீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. நான் கண்டுபிடித்த குகை, நான் தனியாகப் போனபோது வாயே திறக்காத குகை, அவர் கூப்பிட்டதும் பதில் சொல்கிறது. அன்றைக்கு எடுத்த படத்தில் நடுவில் அவரும் ஆட்டுக்காரரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். படம் எடுத்தவள் நான் என்பதால் அதில் நான் இல்லை.

போன மாதம் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. படி, மேடு, பாறை எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு பயணங்களை நானே நடத்தினேன். எல்லாரும் என் பேச்சை முழுதாகக் கேட்டார்கள், சந்தேகம் கேட்டார்கள், கைகூடத் தட்டினார்கள். திரும்பும்போது வண்டியில் ஒரே அமைதி. யாரைப் பார்த்தும் வயிறு எரியாமல் வீடு வருவது எவ்வளவு சப்பென்று இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதனால் இப்போது படியில்லாத குகையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கோவளத்தைத் தாண்டிக் கடற்கரையோரம் புலிக்குகை இருக்கிறது, சமதரை. நேற்று பி பிளாக்குக்குப் போய்க் கேட்டேன்.

"அது மண்டபம்தானே, குகைக் கணக்குல சேருமா?" என்றார், காலை நீட்டி வைத்துக்கொண்டு.

"நீங்க வந்து கூப்பிட்டுப் பாருங்க சார், தெரிஞ்சிடும்."

உள்ளே திரும்பி மனைவியிடம் வேட்டிக்கு இஸ்திரி போடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் காரில் அவர்கள் இருவரையும் அழைத்துப் போகிறேன். குழுவில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.