பழைய டிவிக்கு ஏத்த பாக்ஸ்

என் மனைவியைப் பக்கத்து வீட்டிலிருந்து மீட்டுக் கொண்டுவருவது என்று ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசையில் முட்டி போட்டிருந்தபோது முடிவெடுத்தேன்.

சண்டை எதுவும் இல்லை. ஆரோக்கியமேரி கோபித்துக்கொண்டு போகிற ரகமும் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலையை முடித்து நான் வீட்டுக்கு வரும்போது ஃப்ளாஸ்கில் டீ இருக்கும். மூடி வைத்த தட்டில் ரெண்டு வடை இருக்கும். ஆள் இருக்க மாட்டாள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் அக்காவோடு சீரியல் பார்க்கப் போயிருப்பாள். ஆறு மணிக்குப் போனால் எட்டரைக்குத்தான் திரும்புவாள். வைகாசியிலிருந்து இதே கதை.

மகள் ஸ்நேகா போன வருஷம் வேலூருக்கு நர்சிங் படிக்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் வீட்டில் நாங்கள் ரெண்டே பேர். அதில் ஒருத்தி சீரியலுக்குப் போனால் மிச்சமிருப்பது நானும் ஃப்ளாஸ்க்கும். ஃப்ளாஸ்க்கிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது?

எங்கள் வீட்டிலும் டிவி இருக்கிறது. கல்யாணமான ரெண்டாவது வருஷ போனஸில் வாங்கியது. இருபத்தோரு இஞ்ச், முதுகு பெருத்தது. அதன் முன்னால் பாய் விரித்து ஒட்டி உட்காருவோம். படத்தில் யாராவது அழுதால் மேரியும் அழுவாள். அழுதுவிட்டு என் தோளில் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். அப்போதெல்லாம் 'சட்டை பாழாவுது' என்று கத்துவேன்.

இனிமேல் பாக்ஸ் வைத்தால்தான் படம் வரும் என்று கேபிள்காரர் சொன்னபோது ஸ்நேகா ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு கெடும் என்று நான்தான் வேண்டாமென்றேன். அன்றைக்கு அணைந்த டிவி. அதன் தலையில் மாதா சுரூபம் ஏறியது. என் தோள் காய்ந்துபோனது. மகள் ஊருக்குப் போனதும் மேரி ரெண்டு மூன்று தடவை, ஊடு வெறிச்சினு கீது, ஒரு பாக்ஸ் வாங்கி இந்த டிவியை ஓட வைத்தால் என்ன என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் மறந்துவிட்டேன் என்று அர்த்தம். சிக்னல் அவள் கொடுத்தாள், எனக்குத்தான் கிடைக்கவில்லை.

இப்போது கிடைத்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் பாக்ஸ் வாங்கி, திடீரென்று ஒருநாள் படத்தைக் காட்டி அசத்துவது என்று திட்டம்.

கம்பி கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. அளக்காமல் ஒரு கம்பியையும் வெளியே விட்டதில்லை. பாக்ஸை மட்டும் கண்டதும் வாங்கிவிடுவேனா? நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். கேபிள் பாக்ஸ் ஒரு பக்கம். கூரையில் டிஷ் வைக்கிற பாக்ஸ் இன்னொரு பக்கம். எங்கள் கூரை சிமெண்ட் ஷீட், அதில் ஏறினால் நானே கீழே ஒளிபரப்பாகிவிடுவேன். மாதச் சந்தா இல்லாத பாக்ஸ் மூன்றாவது பக்கம். அதில் சீரியல் வருமா என்று விசாரித்தால் ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் டிவியின் முதுகில் இருந்தது. அங்கே மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று உருண்டை ஓட்டைகள். கடைகளில் நான் பார்த்த புது பாக்ஸ்களுக்கோ ஒரே ஒரு தட்டை ஓட்டை. ரெண்டுக்கும் சம்பந்தம் பண்ண முடியாது. ஆரம்பாக்கத்தில் டிவி கடை வைத்திருக்கும் பரசுராமன், நான் நான்காம் முறை போனபோது நாற்காலி போட்டு, டீ சொல்லி உட்காரவைத்தார்.

"அண்ணே, பேசாம டிவிய மாத்திடு. சுவத்துல மாட்டுற மாதிரி ஒண்ணு வாங்கிக்கோ, சுளுவா முடிஞ்சிடும்."

"இந்த டிவிலதான் பாக்கணும்."

"அப்டி இன்னா கீது அந்த டிவில?"

தோள் விஷயத்தை ஒரு கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலங்களில் வீட்டுக்கு வந்ததும், மேரி அந்தப் பக்கம் இருக்கும்போதே வேலையை ஆரம்பிப்பேன். டிவியை முன்னால் இழுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஓட்டைகளை நோட்டில் வரைவேன். தூசி தட்டுவேன். ரெண்டு பேர் உட்கார்ந்தால் எங்கிருந்து படம் நன்றாகத் தெரியும் என்று பாயை விரித்து, மேரியின் இடத்தில் ஒரு தலையணையைச் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் தலையணையிடம் "தெரியுதா மேரி?" என்று கேட்டும்விட்டேன். எட்டரைக்குள் எல்லாவற்றையும் பழையபடி மூடிவிடுவேன். மேரி வந்ததும், ஒன்றும் தெரியாதவன் போல, சீரியலில் இன்று என்ன நடந்தது என்று விசாரிப்பேன்.

"இன்னிக்கும் ஒண்ணும் நடக்கல. இழுத்துகினே போறான்" என்பாள்.

கடைசியில் திருவள்ளூர் பஜாரில் ஒரு சின்னக் கடையில், மூன்று கலர் ஒயரோடு கிடைத்தது கேபிள் பாக்ஸ். ஊர்க் கேபிள்காரர் லைனில் அது ஓடும் என்று நோட்டில் ஏற்கெனவே குறித்திருந்தேன். மறுநாள் லீவு போட்டேன். மத்தியானமே அவர் வந்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது மேரி சந்தைக்குப் போயிருந்தாள். ஆறு மணிக்குச் செருப்பைத் தேடியவளை நிறுத்தி, பட்டனை அழுத்தினேன்.

முதலில் நீலம். அப்புறம் கோடு. அப்புறம் படம். எல்லாருக்கும் உச்சந்தலை வெட்டுப்பட்டிருந்தது, ஆனால் முகம் இருந்தது. மேரி அசந்துபோகவில்லை. "தெளிவாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மருமகள் அழுதாள். மேரியும் அழுதாள். என் தோளில் மூக்கைத் துடைத்தாள். அசையாமல் இருந்தேன். எட்டு வருஷம், மாதாவே.

அப்போது வாசலில் கெங்கம்மாள் அக்கா.

"வாங்கிட்டியா நைனா? ஆடி மாசமே மேரி இருவது நாளுன்னுச்சி. நீ நாப்பது பண்ணிட்டியே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

உங்கள் வீட்டில்தான் பெரிய டிவி இருக்கிறதே அக்கா என்றேன்.

"அதுவா? அது தை மாசமே பூட்ச்சே."

நான் மேரியைப் பார்த்தேன். வைகாசியிலிருந்து தினம் ரெண்டரை மணி நேரம் அங்கே இன்னா பாத்தீங்க என்று கேட்டேன்.

மேரி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஜன்னல் வழியா உன்னத்தான்யா."