விடியப்பூசைக்குப் போன டயர்கள்

இரண்டு டொலர் நாணயக் குற்றியை டயரின் பள்ளத்துக்குள் செருகிப் பார்த்த பத்மநாதன், அது நிற்க இடமில்லாமல் சறுக்கி விழுந்ததும் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த மொட்டை டயரோடையோ திங்கக்கிழமை ஒஷாவாவுக்கு ஓடப்போறாய்?”

“அப்பா, இட்ஸ் ஃபைன். ஆல் சீசன் டயர்தானே.”

“எல்லாச் சீசனுக்கும் எண்டுதான் சொல்லுவாங்கள். ஸ்நோ விழேக்கை பார், தெரியும்.”

தனுஷிகாவுக்குப் பதினெட்டு வயது. ஒஷாவாவில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் போனால் பாதி நாள் வீதியிலேயே போய்விடும் என்பதால், மாமன் ஒருவர் கழித்துவிட்ட பழைய காரை அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் பெரிய லொறிகளுக்கு நடுவே தன் பிள்ளை போகப்போவதை நினைக்கும்போதெல்லாம் பத்மநாதன் முருகனைக் கூப்பிட்டார். கடையில் புதுப் பனிக்கால டயர்களின் விலையைக் கேட்டபோதும் அதே முருகனைத்தான் கூப்பிட்டார்.

ஆகவே பாவித்த டயர் என்று முடிவாயிற்று. விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, மனைவி பிரதீபாவையும் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஸ்காபரோவிலேயே இன்னொரு மூலையில் இருந்த ஸ்டெபனி என்ற தமிழ்ப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்.

கராஜுக்குள் நாலு டயர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பள்ளம் ஆழமாக, கறுப்பு மங்காமல், சோக்கான டயர்கள். அவற்றுக்கு மேலே சுவரில் ஒரு வயோதிபப் பெண்ணின் பெரிய படம் மாட்டியிருந்தது. படத்துக்குப் பூமாலை. மாலையைச் சுற்றிச் சின்னச் சின்ன மின்குமிழ்கள். கீழே பொன்னிறத் தாளில் வெட்டி ஒட்டிய 85 என்ற இலக்கம். பத்மநாதன் சட்டென்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மாலை போட்ட படத்துக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்பத்தைந்து நல்ல வயதுதான் என்று மனத்துக்குள் ஆறுதல் சொல்லிக்கொண்டார்.

“அது அம்மா, மக்டலீன்,” என்றாள் ஸ்டெபனி. “அவவின்ர காருக்குத்தான் உதுகளை வாங்கினது. இப்ப காரை வித்தாச்சு. ஒவ்வொரு நாளும் சேர்ச்சுக்கு, விடியப்பூசைக்குப் போய்வந்தது மட்டும்தான், அண்ணை. வேறை ஓட்டமே இல்லை.”

“நல்ல மனுசியெண்டு முகத்திலையே தெரியுது,” என்றார் பத்மநாதன், குரலைத் தாழ்த்தி.

“நீங்கள் வேறை! சரியான பிடிவாதம்,” என்று ஸ்டெபனி சிரித்தாள்.

துக்கத்தை இப்படியும் சிலர் ஆற்றிக்கொள்கிறார்கள் என்று அவர் நினைத்தார். ஆனால் விலையைக் கேட்டதும் அவருடைய துக்கம் சற்றே விலகியது. பாதி விலைக்குக் கேட்டார். ஸ்டெபனி மசியவில்லை. அப்போது பத்மநாதன் தன்னுடைய பேர்போன வித்தையை எடுத்தார். ஒன்றும் பேசாமல் வெளியே போய், வானுக்குள் ஏறி, எஞ்சினை முடுக்கிவிட்டு, நேரே முன்னால் பார்த்தபடி இருப்பதுதான் அந்த வித்தை.

பிரதீபா உடனே வரவில்லை. உள்ளே நின்று நெடுநேரம் கதைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தாள்.

“சரியாம். நீங்கள் கேட்ட விலைக்கே தாறாவாம்.”

“பாத்தீரே? எழும்பி வந்தால்தான் விலை இறங்கும்!”

அந்த வெற்றியை அவர் வேலையிடத்தில் சொன்னார், கோயிலில் சொன்னார், ஒரு செத்தவீட்டிலும் சொன்னார்.

பத்மநாதனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. டயர் பூட்டிய கிழமையில் ஒருநாள், வேலை முடிந்து வந்து வானிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இருள் இன்னும் பிரியவில்லை. இரவு பெய்த பனி தெருவெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. மகளின் கார் விட்ட இடத்திலேயே நின்றது. ஆனால் அதன் பின்னால் புதிய சக்கரத் தடங்கள். தெருவுக்குப் போன தடம் ஒன்று, திரும்பி வந்த தடம் ஒன்று. பக்கத்தில் ஒரு காலடிகூட இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் காரின் முன்மூடியைத் தொட்டுப் பார்த்தார். படுத்துக் கிடக்கும் மாட்டின் வயிற்றைத் தொட்டதுபோல இளஞ்சூடாக இருந்தது.

உள்ளே தனுஷிகா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

“இரவு காரை எடுத்துக்கொண்டு எங்கை போனனீ?”

“வாட்? நான் நித்திரை, அப்பா!”

“அப்ப ஆர் எடுத்தது?”

“ஐ டோன்ட் நோ! நீங்கள் என்னை எப்பவாவது நம்பியிருக்கிறியளே?”

அவள் அழுதாள். சாப்பிடாமலே படிக்கப் போனாள். பிள்ளையின் கண்ணில் பொய் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அதுதான் அவரைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

“வாசலில ஒரு காலடியும் இல்லையே,” என்றார் மனைவியிடம்.

“நான்தான் கூட்டிவிட்டனான். பிள்ளை வழுக்கி விழுந்திடும்.”

அன்றைக்கே காரின் சாவிகள் இரண்டையும் வாங்கி பிரதீபாவிடம் ஒப்படைத்தார். “பிள்ளை போகேக்கை குடும். வந்த உடனை வாங்கிச் சாமித்தட்டில வையும். இரவில நீர்தான் காவல்.” பிரதீபாவிடமும் லைசென்ஸ் இருந்தது. ஆனால் முதல் பனி விழுந்தால் சித்திரை பிறக்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். இதைவிட நம்பிக்கையான காவல் வேறு ஏது?

தடங்கள் நிற்கவில்லை. பனி விழாத நாட்களில் முன்மூடி மட்டும் சுட்டது. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு காருக்குள் ஏறிப் பார்த்தார். தனுஷிகா தகப்பனைப் போல நெடுவல். ஆனால் ஓட்டுபவரின் ஆசனமோ ஸ்டியரிங்கோடு ஒட்டுமளவுக்கு முன்னால் இழுபட்டிருந்தது. அவருடைய முழங்கால் போய் இடித்தது. உள்ளே மெழுகுதிரியை ஊதி அணைத்த மணம். மெதுவாகத் தலையைத் திருப்பினார். பக்கத்து ஆசனத்தில் தலை சாய்க்கும் இடத்தில், நீண்ட வெள்ளை முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணை, உது அந்த டயர்க்கார மனுசியேதான்,” என்றான் அவரோடு வேலை செய்யும் வினோதன், மாப் பிசையும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால். “விடியப்பூசைக்கு ஓடிப் பழகின டயர். உயிர் போனாலும் பழக்கம் போகுமே?”

“ஓடுறவ எண்டால் முடி ஏன் பக்கத்துச் சீற்றில கிடக்குது?”

வினோதன் கொஞ்சம் யோசித்தான். “அப்ப ரெண்டு பேர்.”

அன்றிரவு முழுதும் பத்மநாதன் ரொட்டித்தட்டுகளைத் தலைகீழாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். ஐயர் மந்திரம் சொல்லி, நாலு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, முன்கண்ணாடியில் ஒரு தேசிக்காயையும் மிளகாய்களையும் நூலில் கோத்துக் கட்டிவிட்டார். பத்மநாதனுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. திங்கட்கிழமை விடிய வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். தேசிக்காயைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு செபமாலை தொங்கியது. கார்க் கதவுகள் பூட்டியிருந்தன, காற்றும் இல்லை. மணிகள் மட்டும் மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

குசினிக்குள் ஓடினார். “இஞ்சேரும், அது பதில் சொல்லுது!”

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த பிரதீபா நிமிரவில்லை. “விடுங்கோப்பா. கோயிலுக்குத்தானே போகுது. கூடாத இடத்துக்கே போகுது?”

“என்ர பிள்ளை ஓடுற கார் அது! நாளைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனால்?”

சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தையைத் தானே தாங்கமாட்டாமல் கதிரையில் இருந்துவிட்டார். கண் கலங்கியது. பிரதீபா கோப்பையை வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் எழும்பி, தெரிந்த கராஜுக்குப் போன் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

கராஜ்காரர் சீமோனுக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. “நல்ல டயரைக் கழட்டிப்போட்டு மொட்டையைப் பூட்டச் சொல்லுறியள். உங்களுக்குச் சுகமோ, அண்ணை?”

“பூட்டும். பேந்து சொல்லுறன்.”

மத்தியானம் தனுஷிகா காரை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“அப்பா... பிரேக் அடிச்சன், நிக்கேல்லை. அது நிக்கவே இல்லை, அப்பா...”

பத்மநாதன் செருப்போடு ஓடினார். வீட்டுக்குப் பக்கத்துச் சந்தியில்தான். சிவப்பு விளக்கைத் தாண்டிச் சறுக்கிப் போன கார், மறுகரையில் குவித்திருந்த பனிக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. தனுஷிகா நடைபாதையில் நின்றாள். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அவள் சறுக்கிப் போன அதே இடத்தை ஒரு பஸ் அடுத்த கணமே கடந்து போயிருந்தது. அவள் தகப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“டயரை மாத்தினனீங்களா? ஏன், அப்பா?”

அவர் அவளை இறுக அணைத்துக்கொண்டார். பேய்க்குப் பயந்து சொந்தப் பிள்ளையைப் பலி கொடுக்கப் பார்த்தேனே என்று நெஞ்சு எரிந்தது. அன்று பின்னேரமே நல்ல டயர்கள் திரும்பவும் ஏறின. இனி அவற்றைக் கழற்றுவதில்லை. டயர் இருக்க வேண்டும், டயரோடு ஒட்டியிருப்பவ மட்டும் போக வேண்டும். அதற்கு என்ன வழி?

வழியை வினோதன் சொன்னான். “வேதக்காரர் சேர்ச்சில செத்தவையின்ர பேரில பூசை ஒப்புக்குடுக்கிறவை, அண்ணை. அந்த மகளிட்டைக் காசைக் குடுத்து ஒண்டு வைக்கச் சொல்லுங்கோ. மனுசி ஆறுதலாப் போய்ச் சேர்ந்திடும்.”

அடுத்த நாள் இரவு அடுப்பொன்று பழுதாகி, எல்லாரையும் விடியமுதலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்மநாதன் வந்தபோது வீடு இருட்டாகக் கிடந்தது. குளியலறையில் மட்டும் வெளிச்சமும் தண்ணீர்ச் சத்தமும். பிரதீபா ஏன் இவ்வளவு வெள்ளென எழும்பியிருக்கிறாள் என்று நினைத்தாலும், பூசைக்காசை உடனே ஸ்டெபனியிடம் கொடுத்துவிடும் அவசரத்தில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவருக்குப் பொறுமை இல்லை. சாமித்தட்டில் இருக்க வேண்டிய சாவி, குசினி மேசையில் ஒரு சோடிக் கையுறைக்குப் பக்கத்தில் கிடந்தது. சாவியும் நடக்கத் தொடங்கிவிட்டது என்று அவருக்கு உடல் கூசியது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வானில் போவதைவிட, மக்டலீனின் டயர்களோடேயே அவவின் வீட்டு வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று பட்டது.

தெருவில் ஒரு சனம் இல்லை. செபமாலை அப்படியும் இப்படியும் ஆடியது. ஒவ்வொரு சந்தியிலும் ஸ்டியரிங் தன் கைக்கு முன்னாலேயே திரும்புவதுபோல இருந்தது. போகும் வழி டயருக்குத் தெரிந்திருந்தது. வழி தெரியாதவர்போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஸ்டெபனியின் வீட்டுக்கு முன்னால் கார் நின்றது. வாசல் விளக்கு மங்கலாக எரிந்தது. கதவைத் தட்ட இது நேரமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில், பக்கத்துக் கதவு தானாகத் திறந்தது.

குளிர் உள்ளே பாய்ந்தது. தலையில் வெள்ளைச் சரிகைத் துணி போட்ட ஒரு சின்ன உருவம் குனிந்து ஏறி, பக்கத்து ஆசனத்தில் அமர்ந்தது. கதவு சாத்தப்பட்டது. பெல்ற் ‘கிளிக்’ என்று பூட்டியது. பத்மநாதன் கழுத்தைத் திருப்பினார். மாலைக்கு நடுவில் பார்த்த அதே முகம். முருகா என்று முணுமுணுத்தபடி தன் பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டார். பக்கத்துக் கண்ணாடி அவவின் மூச்சுப் பட்டு மங்குவதையும், காரெல்லாம் சித்தாலேபத் தைலம் மணப்பதையும் அவர் உறைந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ பையை மடியில் வைத்து, துணியைச் சரிசெய்துகொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தா.

“பிரதீபா எங்கை, தம்பி? எண்பத்தைஞ்சாம் பிறந்தநாளோடை மகள் என்ர காரை வித்துப்போட்டா. டயரைப் பாதி விலைக்குத் தந்ததுக்கு, ஈஸ்டர் வரையும் என்னை விடியப்பூசைக்கு ஏத்தி இறக்கிறது அவ எண்டுதானே பேச்சு?”