ஒரே ஒரு மணி அடித்து நின்ற போன்

இனிமேல் எந்த வாடிக்கையாளர் வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்று மருதாசலம் முடிவு செய்தார். ஆடி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, சாயிபாபா காலனியில், வெங்கடபதி வீட்டின் மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது எடுத்த முடிவு அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. கோயம்புத்தூரில் வசதியான வீடுகளில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர், கீழே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, நடுவில் ஒயர் இழுத்து இரண்டையும் பேச வைப்பது அப்போது புது மோஸ்தர். பேச வைத்துக் கொடுத்தவர் மருதாசலம். அவை கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினால் சமாதானம் செய்து வைக்க ஓட வேண்டியவரும் அவரே. அன்றைக்குக் கோளாறு ஒரே ஒரு எண்ணில்தான். அதைத் திருத்த அரை நிமிடம் ஆனது. வந்து சேர முக்கால் மணி நேரம்.

"ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கப்போறேன் அம்மணி," என்றார் வடவள்ளியில் தம் வீட்டுக்கு வந்ததும். "கடையில உக்காந்துட்டே போன் போட்டா, அவங்க திரை என்ர மடியில தெரியும். இங்கிருந்தே ரிப்பேர் பண்ணிப்போடலாம்."

"ஒயர் கழண்டிருந்தா போன்லயே மாட்டிருவீங்களா?" என்றாள் பொற்கொடி, தலை நிமிராமல். அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆவணி முகூர்த்தத்துக்கான கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள். வடவள்ளி முதல் தொண்டாமுத்தூர் வரை யார் வீட்டுப் பத்திரிகை என்றாலும் அவள் கைதான்.

கிராஸ்கட் ரோட்டில் மருதாசலத்தின் கடைக்கு நேர் எதிரே கலீல் ரஹ்மானின் கடை. பழைய மடிக்கணினிகளை வாங்கி, துடைத்து, விற்பவர். மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது உள்ளங்கையில் அடங்கியது. பொத்தான்கள் அரிசி அரிசியாய் இருந்தன. மருதாசலம் ஒன்றை அழுத்தினால் மூன்று சேர்ந்து அமுங்கின. இரண்டாவது வெள்ளி நிறத்தில் தாம்பூலத் தட்டு மாதிரி மினுங்கியது. போன் ஒயர் சொருக மட்டும் அதில் இடமில்லை. மூன்றாவது கறுப்பு. குழவிக்கல் கனம்.

"கறுப்பையே எடுத்துக்கங்கண்ணா. போன் ஒயர், நெட்வொர்க் ஒயர் ரெண்டும் நேரா சொருகலாம். தூரத்துல இருந்து திரையைப் பார்க்கிற புரோகிராமையும் போட்டுத் தர்றேன்."

மருதாசலத்தின் கண் தாம்பூலத் தட்டிலேயே இருந்தது. ராத்திரி பொற்கொடியிடம் சொன்னார்.

"நீங்க அழகு பாக்கறக்கா வாங்கறீங்க? ஊரான் ஊட்டுத் திரையைப் பாக்கறக்குத்தானுங்களே? எழுத்துப் பெருசாத் தெரியறதைய வாங்குங்க."

மறுநாள் கறுப்பை வாங்கினார். "நெம்ப யோசிச்சுத்தான் எடுத்தேன்," என்று கலீலிடம் சொல்லிக்கொண்டார்.

புதுக் கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டிக்கொண்டே பொற்கொடி ஒரு செய்தி சொன்னாள். "கலீல் தம்பி கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்குதுங்களாமா. நான் அங்க பத்திரிகை அடிக்கற டிடிபி கடை போடலாம்னு இருக்கனுங்க. பொண்ணும் ஹாஸ்டலுக்குப் போயிட்டா. நாளெல்லாம் இந்தச் செவுத்தைய எத்தனைதான் பாக்கறது?"

"பாக்கலாம்," என்றார் மருதாசலம். பதினாலு வருஷக் குடித்தனத்தில் அந்தச் சொல்லுக்கு 'முடியாது' என்றுதான் பொருள் என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அந்தப் புரோகிராமைப் போட்டார், சும்மா சோதித்துப் பார்க்க. கடையிலிருந்து வீட்டு எண்ணுக்குப் போன் போட்டால் ஒரே ஒரு மணி அடிக்கும். உடனே கம்ப்யூட்டரே அழைப்பை எடுத்துக்கொள்ளும். சத்தமில்லை. வீட்டுத் திரை அவர் கண்முன் விரியும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கம்ப்யூட்டருக்குள் ஏதோ இருக்கிறது என்று பயந்துவிட்டால், அவள் கடை கிடை என்று பேசமாட்டாள் அல்லவா?

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. மருதமலைப் பக்கமிருந்து இறங்கிய சாரல் கிராஸ்கட் ரோடு வரை வந்து, தெருவைச் சாம்பல் நிறமாக்கியிருந்தது. மருதாசலம் போன் போட்டார். கறுப்புக் கம்ப்யூட்டரில் வீட்டுத் திரை வந்தது. பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும்' என்ற இடத்தில் அவள் அடித்துக்கொண்டிருந்தாள்.

அம்புக்குறியை மெல்ல நகர்த்தினார். திரையில் எழுத்து நின்றது. அவள் கையை எடுத்துவிட்டாள் என்று தெரிந்தது. கோழி கொத்துவதுபோல் ஒற்றை விரலால் அடித்தார்:

'எளுந்து போ.'

ஒன்றும் அசையவில்லை. கூரைத் தகரத்தில் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த வாக்கியத்துக்குள் ஏதோ நுழைந்தது. 'ள' மறைந்தது. அந்த இடத்தில் 'ழ' வந்து உட்கார்ந்தது.

மருதாசலம் திரைக்கு அருகில் குனிந்தார். பயந்து அலறுகிறவள் பிழை திருத்துவாளா?

கீழே புது வரி வந்தது: 'யாருங்க நீங்க?'

ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

சாயங்காலம் தோசை போட்டவள் அதைப்பற்றி மூச்சே விடவில்லை. அவரால் பொறுக்க முடியவில்லை.

"காலைல பதினோரு மணிக்கு என்ன பண்ணீட்டிருந்தே?"

"பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தனுங்க. ஏனுங்க?"

"ஊட்ல யாரு இருந்தா?"

"யாருங்க இருப்பாங்க? ஊடு பூட்டித்தான் கெடந்துச்சு. கம்ப்யூட்டரைய அணைக்காம போயிட்டேன், அது ஒண்ணுதான்."

தோசை கையிலேயே ஆறிப்போனது. அப்படியானால் 'ழ' போட்டது யார்?

புதன்கிழமை மறுபடி போட்டார். ஒரே ஒரு மணி அடித்தது. திரை வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் அதட்டலாகவே அடித்தார்: 'நான் இந்த ஊட்ல செத்தவ.'

'எப்பங்க?'

'நெம்ப வருசம் முன்னாடி.'

'ஊடு கட்டியே ஆறு வருசந்தானுங்களே ஆச்சு?'

மருதாசலம் பேயாக இருந்து அதுவரை பழக்கப்பட்டவர் அல்ல. ஒயரைப் பிடுங்கினார். அன்று மாலையும் பொற்கொடி, பக்கத்து வீட்டம்மாளுடன் நாளெல்லாம் துணிக்கடையில் இருந்ததாகச் சொன்னாள். அவர் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் போய் விளக்கைப் போட்டார். சுவர், நாற்காலி, மூடி போட்ட திரை. நாற்காலியின் மெத்தை மட்டும், இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல் குழிந்திருந்தது. விளக்கை அணைக்காமலே வந்து படுத்தார்.

சனிக்கிழமை வெள்ளகோவிலில் பெரியம்மா வீட்டு நோம்பி விருந்து என்று பொற்கொடி விடியற்காலையே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மருதாசலத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரின் பிளக்கைத் தம் கையாலேயே பிடுங்கினார். ஜன்னல்களைச் சாத்தினார். பூட்டைப் போட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். இப்போது போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓயாமல் அடிக்கிற அந்த மணியைக் கேட்டால் போதும், நெஞ்சுக்குள் இறங்கியிருக்கும் குளிர் போய்விடும்.

கடையில் உட்கார்ந்து போட்டார். பதினொரு மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு. ஆடிக் காற்றில் காலண்டர் சுவரில் அறைந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு மணி அடித்து நின்றது.

கறுப்புக் கம்ப்யூட்டரின் திரை வெளுத்தது. பத்திரிகை இல்லை. வெற்றுத் தாள். அதில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

'வா.'

மருதாசலம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

'பிளக்கைப் பிடுங்கினால் நான் போய்விடுவேனா?'

ஒற்றை விரலால் அடித்தார்: 'யார் நீ?'

'இரண்டு நாள் கூப்பிட்டாயே. கூப்பிட்டால் வரமாட்டோமா?'

நெற்றி வேர்த்தது.

'துடைத்துக்கொள்.'

துடைத்தார்.

'இடது பக்கம் விட்டுப்போச்சு.'

அதையும் துடைத்தார். அதற்குப் பிறகுதான் உறைத்தது. பின்னால் சுவர்தான். சுவரில் காலண்டர்தான். ஆனாலும் கழுத்து திரும்ப மறுத்தது. கை மெதுவாகப் போன் ஒயர் பக்கம் போனது.

'ஒயரில் கை வைக்காதே.'

கை மடிக்குத் திரும்பி வந்தது. 'என்ன வேணும்?' என்று அடித்தார்.

'அவளை ஏன் கடை போட விடவில்லை?'

'மத்தியானம் சோறு ஆறிப்போகும்.'

'பொய். ஹோட்டலில் தின்கிறவன் நீ.'

காலண்டர் ஒருதரம் அறைந்து ஓய்ந்தது. பேயிடம் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது என்று மருதாசலத்துக்குத் தோன்றிவிட்டது. ஒற்றை விரல் எழுத்தெழுத்தாகத் தேடியது. பெண்டாட்டியிடம் பதினாலு வருஷத்தில் சொல்லாததை அது அடித்தது:

'அவ என்னைவிடக் கெட்டிக்காரி. கடை போட்டா ஊருக்கே தெரிஞ்சுபோகும். அப்புறம் நான் எதுக்கு அவளுக்கு?'

திரையில் ஓர் எழுத்து வந்து, அழிந்தது.

'கடை போடட்டும் என்று எழுது.'

எழுதினார்.

'பெயர் போடு.'

'மருதாசலம்' என்று போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து ஓடினார். சாரலில் ரோட்டைக் கடந்தார். ஆட்டோக்காரர் ஒருவர் திட்டியது காதில் விழவில்லை. மனுஷ முகம் ஒன்றைப் பார்த்தால் போதும். கலீலின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தார்.

ரோட்டைப் பார்த்த மேசையில் பொற்கொடி உட்கார்ந்திருந்தாள். கால் பக்கத்தில் வெள்ளகோவில் பை. முன்னால் இருந்த கம்ப்யூட்டரில், அவர் கடைசியாக அடித்த பெயர் மின்னிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால், எதிர்க்கடையில் அவருடைய காலி நாற்காலி பளிச்சென்று தெரிந்தது.

"செருப்பு எங்கீங்க?" என்றாள்.

மருதாசலம் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊட்டுக்குத்தான போன் போட்டேன்? இங்க எப்படி..."

கலீல் தண்ணீர் கொடுத்தார். "உங்க வீட்டு எண்ணுக்கு வர்ற அழைப்பை வேற எண்ணுக்குத் திருப்பிவிடலாம்ணா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டா, வீட்டுப் போன்லயே திருப்பிக்கலாம். அக்கா இந்தக் கடை எண்ணுக்குத் திருப்பியிருக்காங்க. அதே புரோகிராம் இங்கயும் இருக்கு."

"காத்தால கெளம்பறக்கு முன்னாடிதானுங்க திருப்பினேன். நீங்க எப்பிடியும் போட்டுப் பாப்பீங்கன்னு தெரியும்."

"அப்ப பூ மார்க்கெட்டு?"

"போகவேயில்லீங்க. துணிக்கடைக்கும் போகுல. பத்திரிகை அடிக்கற நேரத்துல நான் எங்கீங்க போறது?"

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத நாளேதானுங்க. ஊருக்குள்ள எத்தனை பேய் இருந்தாலும், எங்கூட்டுப் போன் நெம்பரு தெரிஞ்ச பேய் ஒண்ணுதானுங்களே."

மருதாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஈரப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உனக்குப் பயமே இல்லியா?"

"இருந்துச்சுங்க." அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "பேயைப் பாத்து இல்லீங்க. மூஞ்சியப் பாத்து 'வேண்டாம்'னு சொல்ல முடியாம, பதினாலு வருசங் கூட இருந்த மனுசன் இப்படி ஒளிஞ்சுட்டு வாரானேன்னு. இன்னைக்கு நீங்க எழுதுனதைப் படிச்சப்பொறகுதான் அது போச்சு. அத்தனையையும் நேராவே சொல்லியிருக்கலாமுங்க. நீங்க எதுக்குன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்லையே."

கலீல், கடைக்கு வெளியே மழை எப்படிப் பெய்கிறது என்று பார்க்கப் போய்விட்டார்.

மருதாசலம் தொண்டையைச் செருமினார். இனிமேலாவது வீட்டுத் தலைவனாக ஒரு வார்த்தை பெருந்தன்மையாகப் பேசியாக வேண்டும். "செரி அம்மணி. நானே நெம்ப யோசிச்சேன். மேல் ரூமை நாளைக்கே பேசி முடிச்சுப்போடலாம்."

பொற்கொடி பையிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்து நீட்டினாள். அறை வாடகை ஒப்பந்தம். அவள் கையெழுத்து இருந்தது. கலீலின் கையெழுத்து இருந்தது. தேதி திங்கட்கிழமை, அவர் பேயாவதற்கு முந்தின நாள்.

"இதுல சாட்சிக்கு மட்டும் ஓரெடம் பாக்கிங்க."

பேனா கடையில் இருக்கிறது, போய் எடுத்து வருகிறேன் என்று சொல்லி ஆற அமர யோசிக்கலாம் என்று மருதாசலம் எழுந்தார். மூடி கழற்றிய பேனாவை அவள் ஏற்கெனவே அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.