சிவப்புத் தொப்பிச் சம்பந்தியோடு மீன் பிடிக்கப் போனது

அன்புள்ள மச்சான் ஹோய்ட்டுக்கு, டெல்மர் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கையும் சுகமாக இருக்கிறோம். ஒஹையோவில் குளிர் விட்டு, உங்கள் முழங்கால் மடங்க ஆரம்பித்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. நம் ரோவீனா கட்டிக்கொள்ளப் போகும் கார்ட்டரின் அப்பா ஸ்டோக்ஸ், மிசிசிப்பியிலிருந்து வந்திருக்கிறார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனால் பழகிவிடுவீர்கள் என்றாள் ரோவீனா. அகலவாய் பாஸ் மீனெல்லாம் முட்டையிடக் கரையோரம் ஏறும் வசந்த காலம். இந்தச் சமயத்தில் ஒரு பாஸ் பிடிக்கத் தெரியாதவன் அலபாமாவில் பெண்ணைப் பெற்றிருக்கவே கூடாது. விடியற்காலையில் படகுத்துறையில் சிவப்புத் தொப்பியோடு நிற்பார் என்று சொல்லியிருந்தாள். ஒரே பனிமூட்டம். சிவப்புத் தொப்பியோடு ஒருவர் நின்றார். ஏறுங்கள் என்றேன், ஏறிவிட்டார். என்னைக் "கேப்டன்" என்று கூப்பிட்டார். பெண்ணைப் பெற்றவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு மனசே குளிர்ந்துபோச்சு.

நாணல் ஓரம் தண்ணீருக்கடியில் ஒரு பாஸ் மீன் கூடு தெரிந்தது. ஆண் மீன் தரையை வாலால் பெருக்கி வைத்துவிட்டு மேலேயே நின்றுகொண்டிருந்தது. ரப்பர் புழுவைப் போட்டேன். அது வாயில் கவ்வி எடுத்துக்கொண்டு போய், கூட்டுக்கு வெளியே துப்பிவிட்டுத் திரும்பி வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி துப்பியது. வெயில் ஏறும்வரை நானும் விடவில்லை, அதுவும் விடவில்லை, என்ன இது சம்பந்திக்கு முன்னால் மானம் போகிறதே என்று எனக்கு வேர்த்துக் கொட்டுது. அவர் பாவம், வேகவைத்த நிலக்கடலையைத் தின்றுகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"விட்ருங்க கேப்டன். குஞ்சுகளக் காவல் காக்குது."

ரோவீனாவைத்தான் ஜாடையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனது ஆகட்டும் என்று கேட்டேவிட்டேன்.

"உங்க பையன் கல்யாணத்துக்கு உங்க பக்கம் எத்தன பேரு வருவாங்க?"

"எனக்குப் பையனே கிடையாதே கேப்டன்."

மச்சான், தூண்டில் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. கார்ட்டரைத் தலைமுழுகிவிட்டார் என்றால், நம் பெண்ணைப் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? பையன் நல்லவன், கோபத்தில் எதுவும் சொல்லாதீர்கள், ரத்த பாசம் எங்கே போகும் என்று கெஞ்ச ஆரம்பித்தவன், பாதியில் அழுதும்விட்டேன். அவர் படகின் அந்த ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். கரை தெரிந்தபோது என் தோளைத் தட்டி, "ஒரு பையனத் தத்து எடுத்துக்கிட்டா உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டார். பெற்ற பிள்ளையை எதற்குத் தத்தெடுக்க வேண்டும்? மிசிசிப்பிச் சட்டம் அப்படியோ என்னவோ. நீங்கள் கோர்ட்டில் வேலை பார்த்தவர், கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். ரோவீனாவிடம் நான் மூச்சுவிடவில்லை.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்ளும்,
டெல்மர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரோவீனா ஒரு போட்டோவோடு வந்தாள். ஸ்டோக்ஸ் பெரிய பாஸ் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் படகில் ஏறியவர் டென்னஸி பல் டாக்டராம். மீன் காட்டிக் கொடுக்க வாடகைப் படகுக்காரர் ஒருவரை வரச்சொல்லியிருந்தாராம். அந்தப் படகுக்காரர் பனியில் நம் ஸ்டோக்ஸை ஏற்றிக்கொண்டு போய், அவரை நானென்று நினைத்து ஸ்டோக்ஸ் பேசிய கல்யாணப் பேச்சுக்கெல்லாம் வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாதென்று "ஆகட்டும் ஐயா" என்றிருக்கிறார். ஆக, அவர் ஒப்புக்கொண்டபடி கல்யாணம் மிசிசிப்பியில். தேவாலயத்தில் நான் பாடுகிறேன். பெண்ணின் அப்பா தங்கமான மனுஷன் என்று ஸ்டோக்ஸ் ஊரெல்லாம் சொல்கிறாராம். ஞாயிறு மதியம் சாப்பிட வருகிறார். அந்த ஒரு வேளைக்குப் படகுக்காரரையே பெண்ணின் அப்பாவாக உட்கார வைத்துவிடலாம் என்கிறான் கார்ட்டர். ரோவீனா யோசிக்கிறாள். உங்கள் தங்கை படகுக்காரருக்கும் சேர்த்துக் கோழி வாங்கிவிட்டாள். நான் எங்கே உட்காருவது என்று மட்டும் உடனே எழுதவும்.