‘இந்த வருஷம் ரூல் மாறிடுச்சு லா!’

சிங்கப்பூரில் நம்மிடையே வரி விளக்குநர் என்றோர் இனம் உண்டு. ஆண்டில் பெரும்பகுதி இவர்கள் பரம சாதுக்கள். ரயிலில் பெரியவர்களுக்கு இடம் விடுவார்கள், லிஃப்டில் உங்களுக்காகப் பொத்தானை அழுத்திக்கொண்டு காத்திருப்பார்கள், அண்டை வீட்டுக்காரரின் நாயைக்கூட நலம் விசாரிப்பார்கள். மார்ச் பிறக்கட்டும், பாருங்கள். வருமான வரி தாக்கல் செய்யும் பருவம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர்களுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொள்ளும்.

வெறும் மாதச் சம்பளக்காரர்களை இவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதில் விளக்க என்ன இருக்கிறது? ‘ஆபீஸ் வேலையும் இருக்கு, சைட்ல கொஞ்சம் ஃப்ரீலான்ஸும் பண்றேன்’ என்று ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட வேண்டும். உடனே நாற்காலி நெருங்கி வரும், தேநீர்க் குவளை ஓரம் போகும், குரல் தாழும்.

“இந்த வருஷம் ரூல் மாறிடுச்சு லா. தெரியுமா?”

எந்த ரூல்? எதிலிருந்து எதற்கு மாறியது? யார் மாற்றினார்கள்? இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. கேட்டால் நமக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே!

இந்த இனத்தின் மாண்புமிகு பிரதிநிதி எங்கள் சிதம்பரம். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். சனி, ஞாயிறுகளில் கழுத்தில் பட்டு அங்கவஸ்திரம் ஏறும். கல்யாணம், பிறந்தநாள், காதணி விழா எதுவானாலும் மேடையில் நின்று நிகழ்ச்சியை நடத்திக் கொடுப்பார். ஆக, சம்பளமும் உண்டு, சைடு வருமானமும் உண்டு. இரண்டையும் சேர்த்து எப்படி வரி கட்டுவது என்று விளக்க இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

அந்த மார்ச் மாதம் அவரிடம் அகப்பட்டவள் திவ்யதர்ஷினி. மார்சிலிங்கில் அவருடைய அடுக்குமாடி புளோக்கிலேயே இருப்பவள். பாலர் பள்ளி ஆசிரியை. வார இறுதிகளில் மணப்பெண்களுக்கு மருதாணி போடுவாள். சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர்களே அவள் பெயரைச் சொல்லி அனுப்பும் அளவுக்குக் கைப்பழக்கம். அவளுடைய பள்ளித்தோழி ரக்‌ஷனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “எனக்கும் நீதான், எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் நீதான். காசு வாங்கிக்கணும், ஃப்ரெண்டுன்னு ஃப்ரீயா போடக்கூடாது” என்று ரக்‌ஷனா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

தேக்கா உணவங்காடியில் சிதம்பரத்தைப் பார்த்தபோது திவ்யா இதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவர் முகம் இருண்டது.

“அந்த வேலையை எடுத்துராதே!”

“ஏன் அங்கிள்?”

மேசையில் யாரோ இடம் பிடிக்க வைத்திருந்த டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து அவள் முன் வைத்தார். “இது உன் சம்பளம்.” தம் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அதன்மேல் வைத்தார். “இது மருதாணி. இப்ப ரெண்டும் சேர்ந்து அடுத்த வரி ப்ராக்கெட்டுக்கு ஏறிடுச்சு. ஏறுனா என்ன? கீழ இருக்கிற சம்பளத்துக்கும் மேல உள்ள ரேட்லயே டேக்ஸ் போட்டுருவான். மருதாணியில சம்பாதிச்சதும் போச்சு, சம்பளத்துலயும் கை வெச்சாச்சு!”

“முன்னாடி அப்படி இல்லையே, அங்கிள்?”

“அதான் சொல்றேன்ல, ரூல் மாறிடுச்சு.”

“அப்ப இதுவரைக்கும் போட்டதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். எல்லாம் ஆட்டோமேட்டிக். அவங்களே பார்த்துக்குவாங்க.”

டிஷ்யூ பாக்கெட்டுக்குச் சொந்தக்காரர் கையில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு வந்து நின்றார். இருவரும் எழுந்துகொண்டார்கள். பாடம் அத்துடன் முடிந்தது.

அன்று மாலை திவ்யா ரக்‌ஷனாவுக்குப் போன் செய்தாள். “என்னால முடியாதுடி. டேக்ஸ் ஏறிடும்.”

“டேக்ஸா? வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லு. இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதே இல்ல” என்றுவிட்டு ரக்‌ஷனா போனை வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்துவாள், அன்று கத்தவில்லை. திவ்யாவுக்கு அதுதான் உறுத்தியது. அதற்கப்புறம் அனுப்பிய செய்திகளுக்கும் பதில் இல்லை.

ஒரு வாரம் அப்படியே போனது. பிள்ளைகள் தூங்கும் இடைவேளையில் பள்ளியிலிருந்தே வரி அலுவலகத்தின் எண்ணுக்கு அழைத்தாள். நீண்ட நேரம் பாட்டு ஓடிய பிறகு ஓர் அதிகாரி வந்தார். திவ்யா தன் கதையை, ரக்‌ஷனா கோபித்துக்கொண்டது வரை, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். சம்பளத்தோடு மருதாணி வருமானமும் சேரும், உண்மைதான். ஆனால் எல்லைக்கு மேலே போகும் பகுதிக்கு மட்டுமே கூடுதல் விகிதம். கீழே இருப்பதை யாரும் தொடுவதில்லை. மருதாணி வாங்கிய செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டினால் போதும்.

“இந்த ரூல் எப்ப மாறுச்சு?” என்று கேட்டாள் திவ்யா.

“மாறவே இல்லையே, மேடம்” என்றார் அவர். “ஆனா ஒண்ணு. சம்பளத்தை உங்க கம்பெனி சொல்லிடலாம். ஃப்ரீலான்ஸ் வருமானத்தை நீங்கதான் சொல்லணும். தானா வராது.”

பள்ளி முடிந்ததும் அவள் நேராக ரக்‌ஷனா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவள் முழுக் கதையையும் வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டாள்.

“டிஷ்யூ பாக்கெட்டை வெச்சா சொன்னாரு?”

“ஒண்ணு அவரோடதுகூட இல்ல.”

ரக்‌ஷனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. “எனக்கு வேற ஆளைப் பேசி அட்வான்ஸ் குடுத்தாச்சு. உனக்கு அத்தைங்க, சித்திங்க, மாமியார் வீட்டு ஆளுங்கதான். அதுவும் நீ அவரை நம்பி என்னை விட்டதுக்குத் தண்டனை.”

மணப்பெண்ணின் கை வேறொருவரிடம் போய்விட்டது திவ்யாவுக்கு வலித்தது. இருந்தும் தண்டனையை ஏற்றுக்கொண்டாள். ரக்‌ஷனாவின் பெரிய அத்தை தன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, போடப் போட “இன்னும் கொஞ்சம் அடர்த்தியா, இன்னும் கொஞ்சம்” என்று விரட்டியதில் வருத்தப்பட நேரமும் கிடைக்கவில்லை.

கல்யாண மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் யார்? சாட்சாத் சிதம்பரமேதான். சாப்பாட்டு இடைவேளையில் திவ்யா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அங்கிள், போன் பண்ணிக் கேட்டுட்டேன். மேல போற பகுதிக்கு மட்டும்தானாம்.”

“அதைத்தானே நானும் சொன்னேன்!” என்றார், அப்பளத்தை நொறுக்கியபடி.

அவர் முகத்தில் ஒரு சுருக்கமில்லை. இதுதான் இந்த இனத்தின் அழிவின்மைக்குக் காரணம். திவ்யாவும் சண்டை போடவில்லை. பாயசத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னொண்ணும் சொன்னாங்க. சைடு வருமானம் ஆட்டோமேட்டிக் இல்லையாம். நாமதான் சொல்லணுமாம். நீங்க மேடை நிகழ்ச்சிக்கு வாங்குறதைச் சொல்றீங்கல்ல?”

அப்பளம் வாய்க்குப் போகாமல் நின்றது. எத்தனை கல்யாணம், எத்தனை காதணி விழா! எல்லாம் தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டதாக மனிதர் மனப்பூர்வமாக நம்பியிருந்தார். ஏமாற்ற நினைத்ததில்லை; யாரிடமும் கேட்க நினைத்ததில்லை, அவ்வளவுதான். எல்லாருக்கும் விளக்குகிறவர் யாரிடம் போய்க் கேட்பார்?

பக்கத்திலிருந்த அவர் மனைவி மனோரஞ்சிதம் திரும்பிப் பார்த்தார். “என்னங்க, சொல்றீங்கதானே?”

சிதம்பரம் தண்ணீர் குடித்தார். பிறகு, மேடைக் குரலெல்லாம் போய், திவ்யாவுக்கு மட்டும் கேட்கும்படி, “அந்த நம்பர் இருக்காம்மா? ஒரு ஃப்ரெண்டுக்கு வேணும்” என்றார்.

“அனுப்புறேன் அங்கிள்” என்றாள் அவள். ஃப்ரெண்டின் பெயரைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமையே அழைத்துவிட்டார். விட்டுப்போனதையெல்லாம் தாமாகவே முன்வந்து சொன்னார். கட்ட வேண்டியது வந்தது. அபராதமும் சேர்ந்தது, ஆனால் தாமாகச் சொன்னதால் குறைவாக. தவணையில் கட்டுகிறார். அந்த அதிகாரி மிகத் தன்மையாகப் பேசியதாகவும், போனை வைத்த பிறகு கணவர் சமையலறைக்கு வந்து நின்றதாகவும், அவருக்கு ஒரு மைலோ கலக்கிக் கொடுத்ததாகவும் மனோரஞ்சிதமே திவ்யாவிடம் சொன்னார்.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அடுத்த சனிக்கிழமை கார் ஓட்டியும் டியூஷன் சொல்லியும் பிழைக்கும் வெங்கட் என்ற இளைஞரை ஓரங்கட்டி, வரி அலுவலகத்திடம் தாமாக முன்வந்து ஒப்புக்கொள்வதில் உள்ள நுணுக்கங்களை விளக்கிக்கொண்டிருந்தார். இந்த முறை சொன்னது சரியாகவே இருந்தது. குரல் மட்டும் பழைய குரல்.

சரி, சிரித்தீர்கள். ஒன்று கேட்கிறேன். இந்த வருமான வரி விவகாரத்தில், விட்டுப்போன ஒரு சின்ன விஷயத்தை எனக்குச் சொல்லித் திருத்த வேண்டும் என்று படிக்கும்போதே உங்களுக்கு நாக்கு துறுதுறுத்ததா இல்லையா? குறைந்தபட்சம், இதை வைத்து நாளைக்கு அலுவலகத்தில் யாருக்காவது விளக்கலாம் என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் தயவுசெய்து முதலில் அந்த எண்ணுக்கு அழையுங்கள். ஃப்ரெண்டுக்காக என்றே சொல்லிக்கொள்ளலாம்.