நிருபமாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த உரிமை

அல்சூர், பெங்களூர்
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்யவதி ஸ்னேஹாவுக்கு அப்பா கஸ்தூரிரங்கன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம் என்று எழுத வேண்டும். துக்கம் நடந்த வீடு, அதை விட்டுவிடு.

உன் சித்தப்பா சேஷகிரியின் தகனத்துக்கு லீவு கிடைக்காமல் நீ புனேயிலேயே இருந்துவிட்டாய். நடந்ததை உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். பதிமூன்றாம் நாளுக்கு நான் வரக்கூடாதாம். உன் சித்தி ஜெயலக்ஷ்மி, மகன் சுஹாஸை விட்டுப் போனில் சொல்லச் சொல்லியிருக்கிறாள். செத்தது என் சொந்தத் தம்பி.

நான் செய்த குற்றம் இதுதான். மின்மயானத்தில் சாஸ்திரிகள் கற்பூரத்தைச் சுஹாஸ் கையில் கொடுக்கப் போனார், மூத்தவள் நிருபமா நிற்கும்போது பிள்ளைக்கு மட்டும் என்ன உரிமை என்று நான் தடுத்தேன், அவர் வழக்கமில்லை என்றார், நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாவிட்டாலும் சொந்தமாகப் படித்தவன், விடுவேனா, அங்கேயே நின்று விளக்கினேன், பின்னால் இன்னொரு வண்டி நிற்கிறது, பேக மாடி சார் என்று ஊழியர் அவசரப்படுத்துகிறார், சுஹாஸ் ஆட்சேபம் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டான், கடைசியில் சாஸ்திரிகளும் இறங்கிவந்தார், நான் ஜெயித்துக் கற்பூரத்தை நிருபமா கையில் வைத்தால் அவள் அதைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

“பெரியப்பா, அப்பா முகத்தைக் கடைசியா ஒரு நிமிஷம் பார்த்துண்டு நிக்கணும்னு இருந்தேன். நீங்க போட்ட சண்டையிலே அதுவும் போச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?”

சுஹாஸ் அவசரமாகக் கற்பூரம் வைத்தான். கதவு மூடிக்கொண்டது.

பெண்களுக்காகப் பேசுகிற ஆணைப் பெண்களுக்கே பிடிப்பதில்லை. வாசகர் வட்டத்தில் நான் சமத்துவம் பேச எழுந்தால் முதலில் காபிக்கு எழுந்து போவது பெண்கள்தான். சாப்பிட்ட தட்டை நானே கழுவுகிறேன், அதையும் யாரும் சொல்வதில்லை. உன் அம்மா நேற்று ரசம் ஊற்றிக்கொண்டே சொல்கிறாள்: “மத்த ஆம்பளைகள்கிட்டே முடியாதுன்னு சொல்லிட்டு நகர்ந்துடலாம். உங்ககிட்டே சொன்னா, அதை எப்படிச் சொல்லணும்னு நீங்களே சொல்லித் தருவேள்.”

மன்னிப்பு கேட்க மாட்டேன். கேட்டால் கொள்கையே தப்பு என்று ஆகிவிடும். ஆனால் நீ சித்தியிடம் பேசு. பந்தியில் கடைசி இலை கொடுத்தாலும் போதும், தம்பிக்காக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன், வாயைத் திறக்க மாட்டேன்.

மாப்பிள்ளை கிஷோருக்கு என் ஆசி. நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

அப்பா

பி.கு.: நிருபமாவின் முகம் கண்ணிலேயே நிற்கிறது. உனக்கு அந்த நிலை வேண்டாம். என் காலத்துக்குப் பின் கொள்ளி முதல் எல்லாவற்றையும் சுஹாஸே செய்யட்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டேன், அவனும் சரி என்றான். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிரு. உன்னைக் கேட்கவில்லை. கேட்டால், நானே செய்கிறேன் என்பாய்.