மார்கிட் அக்காவுக்கு மட்டும் ஒரு பனிப்புயல் எச்சரிக்கை

ஹல்வர்டன், வட டகோட்டா
செவ்வாய்க்கிழமை காலை

மதிப்புக்கும் அச்சத்துக்கும் உரிய அக்கா மார்கிட் அவர்களுக்கு,

மாவட்ட அவசரநிலை அலுவலரும் உன் ஒரே தம்பியுமான நெல்ஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்க ஒன்பது தடவை போன் செய்தேன். ஒன்பது தடவையும் நீயே எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். ஆகவே உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தைப் பனி அள்ளும் வண்டி ஓட்டும் ஓர்வில் கொண்டுவருகிறான். யாரையும் காபி கொடுக்காமல் வாசலோடு அனுப்ப உனக்கு மனசு வராது. அவன் குடித்து முடிப்பதற்குள் படித்துவிடு.

முதலில் மீன் விஷயம். நம் தேவாலயத்து மீன் விருந்து முப்பத்தொரு வருஷம் ஒரு வருஷம்கூட நிற்காமல் நடந்தது, முப்பத்தொரு வருஷமும் நீதான் தலைமை, போன மாதம் அதை நிறுத்தவைத்தவன் நான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்ததைக் கேள். வானிலை அலுவலகத்து ட்வைலா ஐந்து நாள் முன்னாலேயே கூப்பிட்டு, "நெல்ஸ், சனிக்கிழமை பெரிசா ஒண்ணு வர வாய்ப்பிருக்கு. நூத்துக்கு அறுபதுன்னு வச்சுக்குங்க. மூணு படம் அனுப்பறேன். குறைஞ்சா இவ்வளவு பனி, அநேகமா இவ்வளவு, மிஞ்சிப்போனா இவ்வளவு. மூணையும் சேர்த்துப் பாருங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். நானும் மூன்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு மூன்றாவதை மட்டும் தேவாலயப் பலகையில் குத்தினேன். அதில் நம் மாவட்டம் முழுக்க ஊதா நிறம், இரண்டரை அடி பனி. அதைப் பார்த்து பாஸ்டர் விருந்தை நிறுத்த, ஊரே கடைக்கு ஓட, மதியத்துக்குள் ரொட்டியும் பாலும் தீர்ந்து கடைசி ரொட்டிக்காகப் பல் டாக்டரும் அவர் சம்பந்தியும் பேச்சுவார்த்தை முறித்துக்கொள்ள, நீங்களெல்லாம் நம் பாட்டன் காலத்து வழக்கப்படி சோடாக் காரத்தில் ஊறப்போட்டு அலசி வைத்த அறுநூறு பவுண்டு மீனை வைக்க இடமில்லாமல் தீயணைப்பு நிலையத்தில் இறக்க, மீன் வாடை தாங்காமல் தீயணைப்புக்காரர்கள் தங்கள் வண்டியை வெளியே நிறுத்த, வெளியே நின்ற வண்டியின் குழாயெல்லாம் உறைந்துபோக, சனிக்கிழமையும் வந்தது. நல்ல வெயில். புயல் நாற்பது மைல் தெற்கே போய்விட்டது.

அன்று மதியம் காபிக் கடைக் கார்ல்டன் அரைக்கால் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு என் அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். "என்னய்யா நெல்ஸ், வெயிலுக்கு ஏதாவது எச்சரிக்கை உண்டா? தொப்பி எடுத்து வரணுமா?" என்றான். கூட நின்றவன், "சும்மா இருடா. புயல் இவரு சொன்ன ஊருக்குத்தான் கிளம்புச்சு. மீன் வாடை அடிச்சதும் திரும்பிப் போயிருச்சு" என்றான். இதைக் கேட்டு நீயும் சிரித்தாயாம். பாஸ்டர் சொன்னார்.

சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்கிறேன். அந்தப் புயல் போன இடத்தில் ஒரு கணவனும் மனைவியும் நடுரோட்டில் மாட்டிக்கொண்டு, காரின் புகைக்குழாயைப் பனி அடைத்து, உள்ளே உட்கார்ந்தபடியே இறந்துபோனார்கள். அந்த மாவட்டத்து அலுவலர் எனக்குப் போன் செய்து அழுதார். அவருக்கும் ட்வைலா முன்கூட்டியே சொல்லியிருந்தாள், அதே மூன்று படங்களை அனுப்பியிருந்தாள். "நம்ம பக்கம் வராதுன்னு நெனச்சேன் நெல்ஸ். முதல் படத்தை மட்டும்தான் பார்த்தேன்" என்றார். அதற்கப்புறம் கார்ல்டனைப் பார்த்தால் எனக்கு அவ்வளவாக வெட்கம் வருவதில்லை.

இப்போது வியாழக்கிழமைக்கு ஒன்று வருகிறது. நூற்றுக்கு எழுபது என்கிறாள். இந்தத் தடவை மூன்று படத்தையும் வரிசையாகக் குத்தினேன், சத்தியம். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் எண்பது கட்டில் போட்டாகிவிட்டது. சூப்புக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. ஊருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன், மிச்சம் நீதான். கரண்ட் போனால் உன் மூச்சு யந்திரம் நிற்கும். கையிருப்பு சிலிண்டர் ஆறு மணி நேரம் தாங்கும். போன குளிர்காலத்தில் உன் பக்கம் கரண்ட் திரும்ப இரண்டு நாள் ஆனது. புயல் நடுவில் நாற்பது மைல் வடக்கே உன்னைத் தேடி வர ஓர்வில் வண்டிகூடக் கிளம்பாது. கிளம்பக்கூடாது என்று உத்தரவு போடுபவனே நான். அந்த உத்தரவைப் போட்டுவிட்டு நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. யந்திரத்தையும் பூனையையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஓர்விலோடு கிளம்பு. என் கட்டிலை உனக்குத் தருகிறேன். மீனைப் பற்றி வசந்த காலம் வரை திட்டு, வாயைத் திறக்க மாட்டேன்.

பூனைக்கு என் அன்பு. கர்த்தர் உன்னையும் உன் வீட்டுக் கரண்டுக் கம்பியையும் காப்பாராக.

உன் சொல்பேச்சு கேளாத தம்பி,
நெல்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ட்வைலா கூப்பிட்டாள். ஊரைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. புயல் நகர்ந்துவிட்டதாம். வியாழக்கிழமை நம் ஊரில் ஒரு பொட்டுப் பனி கிடையாது, வெயில்தான். எண்பது கட்டிலும் வீண், சூப்பும் வீண். கார்ல்டன் இந்நேரம் அரைக்கால் சட்டையைத் தேட ஆரம்பித்திருப்பான். இந்தத் தடவை அது போவது நாற்பது மைல் வடக்கே. உன்னை ஏற்றாமல் ஓர்வில் திரும்பமாட்டான். வந்துவிடு அக்கா. வியாழக்கிழமை என் வாசலில் கார்ல்டனுக்குப் பக்கத்தில் உனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். உட்கார்ந்து வேண்டுமட்டும் சிரி.